பழ ஈ: ஒரு தொகைச்சொல்லும் இரு பூச்சிக் குடும்பங்களும்

முன்னுரை

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் வழங்குவதும், பல பொருள்களைக் குறிக்க ஒரே சொல் வழங்குவதும் மொழிக்கு இயல்பு. இவ்விரண்டையும் நன்னூலார் திரிசொல்லின் வகைகளாகக் காட்டுகிறார். செய்யுளில் இவ்வியல்பு சுவை பயக்கும். சிலேடை பிறப்பதும் இதனால்தான். ஆனால் அறிவியல் வகுப்பறையிலோ, வேளாண் துறையின் அறிவிப்பிலோ, ஒரு பெயர் இரண்டு உயிர்களைச் சுட்டுமானால் அது சுவையாக அமைவதில்லை, இடர்ப்பாடாக முடிகிறது.

அத்தகைய பெயர்களுள் ஒன்று 'பழ ஈ'. மரபியல் பாடத்தில் மாணவர் படிக்கும் பழ ஈ ஒன்று. மாமரத்தையும் பாகற்கொடியையும் நட்டவர் கண்டு வருந்தும் பழ ஈ மற்றொன்று. இரண்டும் இருவேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. உருவத்தாலும் வாழ்க்கை முறையாலும் மனிதருக்குச் செய்யும் நன்மை தீமைகளாலும் வேறுபட்டவை. இவ்வீக்களுக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்கள் எவ்வாறு பிறந்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம். அதன்வழி, தமிழில் இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்துச் சொல்வது என்னும் வினாவிற்கும் விடை தேடுவோம்.

'ஈ' என்னும் ஓரெழுத்துச் சொல்

தமிழில் 'ஈ' ஓரெழுத்து ஒருமொழி. பெயராயின் பூச்சியைக் குறிக்கும். வினையாயின் கொடு என்னும் பொருளைத் தரும். பூச்சியைக் குறிக்கும்போது அதன் பொருட்பரப்பு விரிந்தது. வீட்டு ஈ, மாட்டு ஈ, மணல் ஈ ஆகியவற்றோடு தேனையும் ஈயையும் சேர்த்துத் 'தேனீ' என்கிறோம். பறந்து வந்து மொய்க்கும் சிறு பூச்சி என்பதே நம் முன்னோர் கொண்ட பொதுப்பொருள் எனலாம்.

பூச்சியியலார் கருத்தில் 'ஈ' இன்னும் குறுகியது. இரண்டு சிறகுகள் மட்டும் உடைய பூச்சிகளின் வரிசையைச் சேர்ந்ததே ஈ. அவ்வரிசையின் பெயரான 'டிப்டெரா' என்பதும் இருசிறகி என்றே கிரேக்கத்தில் பொருள்படும். தேனீக்கு நான்கு சிறகுகள்; ஆகவே அது குளவிக்கும் எறும்புக்கும் உறவேயன்றி ஈக்கு உறவன்று.

ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை எழுத்துமுறையால் காட்டும் மரபு ஒன்று பூச்சியியலாரிடம் உண்டு. உண்மையான ஈயாயின் பெயரை இரு சொற்களாகப் பிரித்து எழுதுவர். ஈ அல்லாத பூச்சியாயின் சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவர். வீட்டு ஈயின் ஆங்கிலப் பெயர் பிரிந்து நிற்கும். வண்ணத்துப்பூச்சியின் பெயரும் தும்பியின் பெயரும் சேர்ந்து நிற்கும். தென்னையையும் பருத்தியையும் தாக்கும் வெள்ளை ஈ உண்மையில் சாறு உறிஞ்சும் அசுவினியின் உறவு. ஆகவே ஆங்கிலத்தில் அப்பெயரைச் சேர்த்தே எழுதுவர். தமிழில் 'வெள்ளை ஈ' என்று பெயர்த்தபோது அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. ஒரு மொழியில் எழுத்து இடைவெளி உணர்த்தும் செய்தி, பெயர்ப்பில் தங்குவதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

நம் மொழியில் 'பழம்' என்பதும் 'ஈ' என்பதும் புணரும்போது, இலக்கண விதிப்படி மகரம் கெட்டு, வகர உடம்படுமெய் தோன்றிப் 'பழவீ' என்றாகும். 'வீ' என்பது மலருக்கும் பெயராதலால் படிப்பவர் மயங்கக்கூடும். எனவேதான் இக்காலத்தார் 'பழ ஈ' என விட்டு எழுதுகின்றனர்.

தொகையில் மறைந்த வினை

'பழ ஈ' என்பது ஒரு தொகைச்சொல். அதனை விரித்தால்தான் பொருள் விளங்கும். எவ்வாறு விரிப்பது? 'பழத்தைத் துளைக்கும் ஈ' என்று விரித்தால், அது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'பழத்தில் மொய்க்கும் ஈ' என்று விரித்தால், அது ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தொகையில் மறைந்து நிற்கும் வினை துளைத்தலா, மொய்த்தலா என்பதே இங்குக் கேள்வி. பூச்சியியல் கூறும் இரண்டு குடும்பங்களும் சரியாக இவ்விரு வினைகளின் வழியே பிரிகின்றன.

துளைக்கும் ஈக்களின் குடும்பத்திற்கு 'டெஃப்ரிடிடே' என்று பெயர். இக்குடும்பத்தில் ஏறத்தாழ 5,000 சிற்றினங்கள் உள்ளன. இவற்றுள் நம் பகுதியில் பெயர் பெற்றது 'பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ்' எனப்படும் கீழைப் பழ ஈ. ஏறத்தாழ வீட்டு ஈயின் பருமன் உடையது. இதன் பெண் ஈ, வால்முனையில் உள்ள ஊசி போன்ற உறுப்பால் காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு சதையைத் தின்று வளரும். வளர்ந்தபின் பழத்தை விட்டு வெளியேறி மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். வெளியில் ஒரு சிறு புள்ளியே தெரியும்; உள்ளே பழம் கூழாகியிருக்கும்.

மொய்க்கும் ஈக்களின் குடும்பத்திற்கு 'ட்ரோசோஃபிலிடே' என்று பெயர். இதில் 4,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. இவற்றுள் புகழ்பெற்றது 'ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர்'. உடல் நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர், கண்கள் செந்நிறம். சமையலறையில் கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் மேல் வட்டமிடுவது இதுவே. நல்ல பழத்தின் தோலைத் துளைக்கும் வலிமை இதற்கு இல்லை. பழம் நொதிக்கும்போது அதில் பெருகும் ஈஸ்டே இதன் உணவு. பழத்தை இது கெடுப்பதில்லை. கெடத் தொடங்கிய பழத்தையே நாடி வருகிறது.

காயும் கனியும்

இவ்விடத்தில் தமிழின் சொல்வளம் நமக்குப் பெருந்துணையாகிறது. ஆங்கிலத்தில் தாவரவியலார் பழம் என்னும் பொருளில் ஆளும் சொல், பிஞ்சையும் காயையும் கனியையும் ஒருங்கே குறிக்கும். பாகல், பீர்க்கு, புடல், வெள்ளரி ஆகியன அவர்களுக்குத் தாவரவியல்படி பழங்களே. நமக்கோ அவை காய்கள். பழுத்ததே பழம். பிஞ்சு, காய், செங்காய், பழம், அளிந்த பழம் என ஒவ்வொரு பருவத்திற்கும் நம்மிடம் தனிச்சொல் உண்டு.

இப்பருவங்களின்மீது ஈக்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். பாகல், பூசணி முதலிய கொடிகளைத் தாக்கும் 'சூகோடாக்கஸ் குக்கர்பிட்டே' என்னும் ஈ, இளம் பிஞ்சையே விரும்பித் துளைக்கும். கீழைப் பழ ஈ, முற்றிப் பழுக்கத் தொடங்கும் மா, கொய்யா ஆகியவற்றை, அதாவது செங்காய்ப் பருவத்தை நாடும். ட்ரோசோஃபிலாவோ அளிந்த பழத்திற்கே வரும். ஆக, ஆங்கிலத்தில் ஒரே அடைமொழியால் அழைக்கப்படும் மூன்று ஈக்களை, நம் மொழியின் பிஞ்சு, செங்காய், அளிந்த பழம் என்னும் மூன்று சொற்கள் எளிதில் பிரித்துவிடுகின்றன. பாகற்காயைத் துளைக்கும் பூச்சிக்குப் 'பழ ஈ' என்று பெயர் சொன்னால் தமிழ் மாணவர் திகைப்பது இயல்பே. அத்திகைப்பு அறியாமையால் வருவதன்று. காய்க்கும் பழத்திற்கும் வேறுபாடு காணும் மொழியறிவால் வருவது.

ஈக்குப் பெயர் வருமுன், அது செய்த கேட்டிற்குத் தமிழில் பெயர் இருந்தது. 'சொத்தை' என்பதும் 'புழுக்குத்து' என்பதும் அத்தகையன. கண்ணுக்குத் தெரிந்தது காயும் புழுவும்தான். முட்டையிட்டுப் பறந்துபோன ஈ தெரியவில்லை. இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவில் ஆப்பிளைத் தாக்கும் 'ராகோலெட்டிஸ் பொமோனெல்லா' என்னும் ஈயை ஆங்கிலேயர் மொழியில் இன்றும் 'ஆப்பிள் புழு' என்னும் பொருளிலேயே வழங்குகின்றனர். பறக்கும் பருவத்தை விட்டு, ஊரும் பருவத்திற்கே அங்கும் பெயர் அமைந்தது.

ஊரால் வந்த பெயர்கள்

துளைக்கும் ஈக்களின் வழங்குபெயர்கள் பெரும்பாலும் பயிராலோ ஊராலோ அமைந்தவை. ஒலிவ ஈ, முலாம்பழ ஈ, விளிம்பிப்பழ ஈ என்பன பயிரால் வந்தவை. கீழை ஈ, மத்தியதரை ஈ, குவீன்ஸ்லாந்து ஈ என்பன ஊரால் வந்தவை. ஊர்ப்பெயர்கள் பிறப்பிடத்தைக் காட்டும் என்று நாம் எண்ணுவோம். அவை பெரும்பாலும் காட்டுவது, தொல்லை முதலில் உணரப்பட்ட இடத்தையே.

'செராடிடிஸ் கேபிடேட்டா' என்னும் மத்தியதரைப் பழ ஈயின் தாயகம் சகாரா பாலைவனத்திற்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா. மத்தியதரைக் கடலோர நாடுகளின் ஆரஞ்சுத் தோட்டங்களில் அது பெருங்கேடு விளைத்ததால் அப்பெயர் நிலைத்தது. பாகலைத் தாக்கும் ஈயின் கதையும் இத்தகையதே. அது ஆசிய வெப்பமண்டலத்திற்கு உரியது. ஆயினும் அறிவியல் உலகம் அதற்குப் பெயரிட்டது 1899-இல், ஹவாய்த் தீவுகளில் கிடைத்த ஈக்களைக் கொண்டு. நம் கொடிகளில் நெடுங்காலம் வாழ்ந்த ஒன்று, கடல் கடந்து சென்றபின்னரே ஏட்டில் இடம்பெற்றது.

மலேசியர் நன்கறிந்த பெலிம்பிங் பழத்தோடு தொடர்புடைய பெயர் ஒன்றும் உண்டு. 1994-இல் ஆய்வாளர்கள் கீழைப் பழ ஈயை ஒத்த பல ஈக்களை ஆராய்ந்து, தனித்தனிச் சிற்றினங்களாகப் பிரித்தனர். அவற்றுள் ஒன்றிற்குப் 'பாக்ட்ரோசெரா கேரம்போலே' என்று பெயரிட்டனர். கேரம்போலா என்பது பெலிம்பிங் பழத்தின் போர்த்துகீசியப் பெயர். அச்சொல்லே இந்திய மொழிகளிலிருந்து போர்த்துகீசியருக்குச் சென்றது. 'கர்மரங்க' என்னும் வடசொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவர். தென்கிழக்காசியாவின் ஓர் ஈ, இந்தியாவில் பிறந்து போர்த்துகல் வழியாகச் சென்ற ஒரு பழப்பெயரை ஏற்று, இலத்தீன் ஈறு பெற்று நிற்கிறது. இவ்வீ 1975-இல் தென் அமெரிக்காவின் சுரினாமில் காணப்பட்டது. மலேசியத் தோட்டக்காரர் பெலிம்பிங் பிஞ்சுகளைத் தாள் உறையிட்டுக் காப்பதற்குக் காரணமும் இத்தகைய ஈக்களே.

பெயர் பிரிந்ததுபோலவே சில பெயர்கள் மீண்டும் இணைந்தன. 1994-இல் பப்பாளியின் பெயரால் ஒரு சிற்றினமும், ஆப்பிரிக்காவில் திடீரெனப் பரவிய ஈக்களுக்குப் 'படையெடுப்பது' என்னும் பொருளில் 2005-இல் மற்றொரு சிற்றினமும் நிறுவப்பட்டன. பின்னர் மரபணு, உருவம், கலப்புத்திறன், மணம் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்தபோது இவை கீழைப் பழ ஈயினின்று வேறல்ல எனத் தெரிந்தது. 2015-இல் அவை ஒரே பெயரின்கீழ்ச் சேர்க்கப்பட்டன. இது வெறும் ஏட்டுத் திருத்தமன்று. பழம் வாங்கும் நாடுகள் தடுப்புப் பட்டியல்களில் ஈக்களைச் சிற்றினப் பெயரால் குறிக்கின்றன. ஒரு பெயர் பட்டியலில் நிற்பதும் நீங்குவதும் ஏற்றுமதி செய்யும் தோட்டக்காரரின் வாழ்வைத் தொடும்.

தொழிலால் வந்த பெயர்கள்

மொய்க்கும் ஈக்கு வந்த பெயர்கள் வேறு வகையின. அவை தோட்டத்தில் பிறந்தவை அல்ல. பழத்தைப் பிழிந்தும் புளிக்கவைத்தும் தொழில் செய்த இடங்களில் பிறந்தவை. ஆப்பிளைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையின்மேல் மொய்த்ததால் அமெரிக்காவில் 'சக்கை ஈ' என்னும் பொருளில் அதனை அழைத்தனர். காடிச் சாடிகளைச் சுற்றியதால் 'காடி ஈ' என்றனர். திராட்சை மதுவின் அருகே கண்டவர் 'மது ஈ' என்றும், வாழைத் தாற்றில் கண்டவர் 'வாழைப்பழ ஈ' என்றும் கூறினர். பெயர் நான்காயினும் அவை சொல்லும் உண்மை ஒன்றே: புளிப்பு இருக்கும் இடத்தில் இவ்வீ இருக்கும்.

இவ்வளவு பொருத்தமான பெயர்கள் இருந்தும், உலகில் பரவியது 'பழ ஈ' என்பதே. அதற்கு ஆய்வுக்கூடமே பெரிதும் காரணம் எனலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910-இல் செங்கண் ஈக்களிடையே வெண்கண் ஈ ஒன்றைக் கண்டார். அதன் மரபைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், மரபணுக்கள் குரோமோசோம்களில் அமைந்துள்ளன என நிறுவினர். மார்கனுக்கு 1933-இல் நோபல் பரிசு கிடைத்தது. பத்து நாள்களில் ஒரு தலைமுறை, நான்கே இணை குரோமோசோம்கள், பிசைந்த வாழைப்பழமே உணவு என்னும் எளிமையால் இவ்வீ பாடநூல்கள் அனைத்திலும் இடம்பெற்றது. அப்பாடநூல்களின் வழியே 'பழ ஈ' என்னும் பெயரும் மொழிதோறும் பெயர்க்கப்பட்டது. வேளாண்மையார் வேறோர் ஈக்கு ஏற்கெனவே ஆண்டுவந்த பெயர் அது.

அறிவியற் பெயர்கள் கூறுவன

வழங்குபெயர் மயக்கம் தருமாயின் அறிவியற் பெயரையே ஆளலாமே என்று கேட்கத் தோன்றும். அறிவியற் பெயரின் பயன், அது ஒன்றையே சுட்டுவது. அது சொல்லும் பொருள் எப்போதும் மெய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. கிரேக்கச் சொற்களால் ஆன 'ட்ரோசோஃபிலா' பனியை விரும்புவது எனப் பொருள்படும், 1823-இல் இடப்பட்டது. 'மெலனோகாஸ்டர்' என்பதற்குக் கருவயிறு உடையது என்று பொருள். ஆணின் வயிற்று நுனி கறுத்திருப்பதை அது காட்டும். 'டெஃப்ரிடிடே' என்னும் குடும்பப்பெயரின் வேர் சாம்பல் நிறத்தைக் குறிப்பது. ஆயினும் இக்குடும்பத்தில் மஞ்சளும் செம்பழுப்பும் கோலமிட்ட சிறகும் உடைய ஈக்களே கண்ணைக் கவர்வன. 'டாக்கஸ்' என்னும் பேரினப் பெயர் கடிக்கும் உயிரைச் சுட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, இவ்வீக்களோ கடிப்பதில்லை.

அறிவியற் பெயரும் நிலைபேறு உடையதன்று என்பதற்கு ட்ரோசோஃபிலாவே சான்று. அப்பேரினம் மிகப் பெரிதாகிவிட்டதால் அதனைப் பிரிக்க வேண்டும் என்னும் கருத்து எழுந்தது. பிரித்தால், விதிப்படி பழைய பெயர் அப்பேரினத்தின் வகைமுதலான 'ட்ரோசோஃபிலா ஃபுனெப்ரிஸ்' என்னும் ஈக்கே உரியதாகும். மெலனோகாஸ்டர் 'சோஃபோஃபோரா' என்னும் பெயரை ஏற்க நேரும். அப்பெயரை 1939-இல் சூட்டியவர் மார்கனின் மாணவர் ஸ்டர்டிவண்ட். 'அறிவைச் சுமந்து வருவது' என்பது அதன் பொருள். மெலனோகாஸ்டரையே வகைமுதலாக ஏற்குமாறு விடுக்கப்பட்ட வேண்டுகோளை விலங்கியற் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் 2010-இல் ஏற்கவில்லை. எனினும் ஆய்வாளர் பெரும்பாலோர் பழைய பெயரையே தொடர்ந்து ஆள்கின்றனர். வழக்கின் வலிமை அறிவியலாரையும் விடுவதில்லை.

பிற மொழியினர் செய்தவை

பிற மொழியினர் இம்மயக்கத்தை எவ்வாறு எதிர்கொண்டனர்? ஜெர்மானியர் சிறிய ஈயைப் 'பனி ஈ' என்றும் 'காடி ஈ' என்றும் பொருள்படும் சொற்களால் குறிக்கின்றனர். பெரிய ஈக்குத் 'துளைக்கும் ஈ' என்னும் பொருளில் வேறு சொல் வைத்துள்ளனர். பேச்சு வழக்கில் 'பழ ஈ' என்பதும் அவர்களிடம் உண்டு. சீனத்தில் சிறியது 'குவோ யிங்', பெரியது 'ஷி யிங்'. இரண்டின் முதற்சொல்லும் கனி என்னும் கருத்தை உடையதே எனினும் சொற்கள் வேறாதலால் மயக்கம் குறைகிறது.

ஜப்பானியர் வைத்த பெயர் நயம் மிக்கது. அவர்தம் கதைகளில் 'ஷோஜோ' என்பது செம்முகமும் மதுவில் பெருவிருப்பும் உடைய ஒரு கற்பனை உயிர். செங்கண் உடையதாய், மதுவை நாடி வரும் சிற்றீக்கு 'ஷோஜோ ஈ' என்று பெயர் அமைந்தது. துளைக்கும் ஈயை அவர்கள் கனி ஈ என்னும் பொருள்பட 'மி-பாயே' என்பர். அதனோடு கொடிக்காயைக் குறிக்கும் 'உரி' என்னும் சொல்லைச் சேர்த்து, பாகலைத் தாக்கும் ஈக்குத் தனிப்பெயர் தந்தனர். மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைப் பெருந்தொகையாகப் பறக்கவிட்டு, அவ்வீயை ஒக்கினாவாத் தீவுகளினின்று 1993-இல் அவர்கள் முற்றாக அகற்றினர்.

நம் அண்டை மொழியான மலாயில் 'லாலாட் புவா' என்பது இரு குடும்பங்களுக்கும் பொதுவாக வழங்குகிறது. ஆயினும் சிற்றீக்குப் 'பாரி-பாரி' என்னும் பழஞ்சொல் ஒன்று அம்மொழியில் உண்டு. தமிழ் மட்டுமே இரண்டிற்கும் ஒரு பெயரையே நம்பி நிற்க வேண்டுவதில்லை.

மயக்கம் விளைக்கும் கேடு

பெயர் மயக்கம் சொல்லாராய்ச்சியார் மட்டும் கவலைப்பட வேண்டியதா? 2008-ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சேரா பேலின், பிரான்சில் நடைபெறும் பழ ஈ ஆய்விற்குப் பொதுப்பணம் செலவிடப்படுவதை எள்ளிப் பேசினார். உடனே பலர் மறுப்பு எழுதினர். மரபியலுக்கும் மருத்துவத்திற்கும் பழ ஈ ஆற்றிய தொண்டை அவர்கள் விரித்துரைத்தனர். ஆனால் பேச்சுக்குரிய ஆய்வு, கலிபோர்னியாவின் ஒலிவத் தோட்டங்களைத் தாக்கிய ஒலிவ ஈயைப் பற்றியது. மறுத்தோர் பலர் விரித்துரைத்ததோ ட்ரோசோஃபிலாவின் பெருமை. ஒலிவ விவசாயிகளின் இழப்பைப் பற்றிய செய்தி இரு தரப்பு வாதத்திற்கும் இடையே மறைந்துபோயிற்று. ஒரு தொகைச்சொல்லை இருவர் இருவேறு வகையில் விரித்ததால் வந்த விளைவு இது.

வீட்டளவிலும் இம்மயக்கம் பயனற்ற உழைப்பைத் தரும். காடியைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் சமையலறைச் சிற்றீ அதில் விழும். அதனை மாமரத்தடியில் வைத்துப் பயனில்லை. கீழைப் பழ ஈயின் ஆண்களை ஈர்ப்பது மெத்தில் யூஜினால் என்னும் மணப்பொருள். நம் துளசியிலும் அது உண்டு. பாகல் ஈயின் ஆணோ அம்மணத்திற்கு வருவதில்லை. அதற்கு வேறு கவர்பொருள் வேண்டும். சமையலறையில் ஈ பறக்கக் கண்டு நல்ல பழத்தை எறிந்துவிடுவதும், மரத்துக் கனியில் உள்ள சிறு புள்ளியைப் பொருட்படுத்தாது விடுவதும் இம்மயக்கத்தின் இரு முகங்கள். புழுவுற்று உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழிக்காவிடில், புழுக்கள் மண்ணுள் புகுந்து அடுத்த தலைமுறை ஈக்களாக எழும்.

தமிழில் நாம் செய்யத்தக்கது

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் தமிழில் பயிற்றப்படுகிறது. சிங்கப்பூரிலும் தமிழ்ச் செய்தியும் சொற்பொழிவும் அறிவியலைப் பேசுகின்றன. ஆகவே கலைச்சொல் பற்றிய இம்முடிவு நம் கையில் உள்ளது. நாம் முன்வைப்பது எளிய ஒழுங்கு ஒன்று. துளைக்கும் ஈக்களுக்குப் 'பழ ஈ' என்னும் பெயரே நிற்கட்டும். தமிழக வேளாண் வெளியீடுகளில் அப்பொருளில் அது வேரூன்றியுள்ளது. சிற்றினத்தைச் சுட்ட வேண்டுமாயின் மாம்பழ ஈ, பாகல் ஈ, ஒலிவ ஈ எனப் பயிர்ப்பெயரைச் சேர்க்கலாம். மொய்க்கும் சிற்றீக்குக் 'காடி ஈ' என்பது பொருந்தும். 'காடி' புளித்த நீர்மத்தைக் குறிக்கும் நற்றமிழ்ச் சொல். சொல்லும்போதே இவ்வீயின் உணவும் இடமும் விளங்கும். 'பனிவிரும்பி' எனக் கிரேக்கத்தை அப்படியே பெயர்ப்பின் சொல் அழகாயிருக்கும், பொருள் விளங்காது.

இவ்வொழுங்கிற்கும் விலக்கு உண்டு. 'ட்ரோசோஃபிலா சுசுகி' என்னும் ஈ, காடி ஈயின் குடும்பமாயினும், இரம்பப் பல் போன்ற உறுப்பால் நல்ல பழத்தையும் கீறி முட்டையிடும். ஆசியாவிலிருந்து பரவி 2008 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செர்ரி, ஸ்ட்ராபெர்ரி ஆகியவற்றைக் கெடுத்துவருகிறது. எந்த வழங்குபெயரும் இயற்கை முழுவதையும் அடக்கிவிடாது. விலக்கு உண்டு என்பதற்காக விதியைக் கைவிடுவதும் இலக்கண மரபன்று.

ஆசிரியர்கள் இதனை இரு பாடவேளைகளிலும் பயன்படுத்தலாம். இலக்கண வகுப்பில் 'பழ ஈ' என்பதை விரித்து எழுதச் செய்க. சிலர் இரண்டாம் வேற்றுமையாகவும் சிலர் ஏழாம் வேற்றுமையாகவும் விரிப்பர், இரண்டும் பொருந்தும். அறிவியல் வகுப்பில் அவ்விரு விரிவுகளுக்கும் உரிய ஈக்களைக் காட்டுக. மாணவர்கள் தம் வீட்டிலும் தோட்டத்திலும் காணும் ஈயை நோக்கி, அது எப்பருவத்துக் காயில் அமர்ந்தது, துளைத்ததா மொய்த்ததா என்று குறித்து வரட்டும். எந்த ஈ எவ்வினையைச் செய்கிறது என்பதை அவர்களே கண்டு எழுதுவார்களாயின், அப்பெயர்களை மனனம் செய்யுமாறு நாம் சொல்ல வேண்டியதில்லை.